ஆம்பளைக்கு 1.96, பொம்பளைக்கு 1.57

ஒரு ஆம்பளை ஒரு மணி நேரம் கழனியில் வேலை செய்தால் 1.96 மெகாஜூல். பொம்பளை செய்தால் 1.57. பிள்ளை செய்தால் 0.98. நடுத்தர எடையுள்ள ஒரு ஜோடி மாடு 10.10. மாடு பெரிசாக இருந்தால் 14.05. ஒரு லிட்டர் டீசல் 56.31.

கவிதை எழுதுகிறவன் என்பதால் இதையும் ஏதோ நவீன கவிதை என்று நினைத்துவிடாதீர்கள் தோழர்களே. வேளாண்மைக்கு எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்று கணக்குப் பார்க்க அரசாங்க ஆராய்ச்சியாளர்கள் போட்டுக்கொண்ட அட்டவணை இது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கு 'வேளாண்மையில் எரிசக்தி' என்று ஒரு அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் உண்டு. தலைமையிடம் போபால். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் அதற்கு மையம் இருக்கிறது. நெல்லுக்கு இத்தனை மெகாஜூல், கரும்புக்கு இத்தனை என்று 1980களிலிருந்து நாடு முழுக்க எழுதப்பட்டு வரும் ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். இந்த 1.96-உம் 1.57-உம் தவறாமல் வந்து உட்கார்ந்திருக்கும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் வந்தது. அட்டவணையில் பிள்ளை அதற்குப் பிறகும் 0.98-ஆகவே இருந்தது.

என் ஆயா மேடவாக்கத்துப் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த கழனிகளில் நாற்பது வருசம் நடவு நட்டது, களை பறித்தது, கதிர் அறுத்தது. எட்டு மணி நேர வேலை என்று வைத்துக்கொண்டால் (எட்டு மணியில் எவன் விட்டான்?) ஒரு நாளைக்கு 12.56 மெகாஜூல். டீசலாக மாற்றினால் கால் லிட்டர்கூட வரவில்லை. 2025-இல் சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆக, என் ஆயா ஒரு பகல் முழுக்கக் குனிந்தெழுந்தால் இருபது ரூபாய்ச் சொச்சம் டீசல். அந்தக் கழனிகளின் மேல் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆயா செத்து வருசமாகிறது. ஆனாலும் அது அந்த அட்டவணையில் உயிரோடுதான் இருக்கிறது, 1.57-ஆக.

இது கூலி நிர்ணயம் இல்லை, இயற்பியல் கணக்கு என்று சொல்வீர்கள். எனக்கும் தெரியும். வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனுக்குக் கணக்கு எதற்குப் போடப்படுகிறது என்று தெரியாமல் இருக்குமா? ஒரு கணக்கில் எந்தக் கட்டம் இருக்கிறது என்பதைவிட எந்தக் கட்டம் இல்லை என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இந்த அட்டவணையில் மாட்டை எடை பார்த்துப் பிரித்திருக்கிறார்கள்: 350 கிலோவுக்கு மேல் ஒரு வகை, 450 கிலோவுக்கு மேல் இன்னொரு வகை. மனுசனைப் பிரிக்கும்போது ஆம்பளை, பொம்பளை, பிள்ளை. அவ்வளவுதான். நிலம் யாருடையது, அதில் குனிகிறவர் யார், அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? கட்டமே கிடையாது. மாட்டின் எடை தெரிந்த அறிவியலுக்குச் சேரி தெரியவில்லை.

"அறிவியலுக்குச் சாதி ஏதுங்க தோழர்?" என்று நம்முடைய முற்போக்கு நண்பர்களே கேட்கிறார்கள். அறிவியலுக்கு இல்லை, சரி. அதற்குப் பணம் ஒதுக்குகிற நாற்காலிக்கு உண்டா இல்லையா? அதைத்தான் பேச வேண்டும். ஏனென்றால் அந்த நாற்காலிகளை இப்போது சட்டம் போட்டே செய்து வைத்திருக்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 'அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை'ச் சட்டத்தை நிறைவேற்றியது. (பெயரை வாயில் நுழையாதபடி வைப்பதும் ஒரு கலை. யார் உள்ளே வரலாம் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.) 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பழைய வாரியத்தைக் கலைத்துவிட்டு, பொறியியல், சுற்றுச்சூழல், உடல்நலம், வேளாண்மை எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. மின்சாரம் பற்றிய ஆராய்ச்சியும் நெல் பற்றிய ஆராய்ச்சியும் இனி ஒரே உண்டியலில் கை நீட்டலாம். ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி என்றார்கள். அதில் ஏறத்தாழ 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், கொடையாளர்கள் போன்ற அரசு சாராத இடங்களிலிருந்து வரும் என்றார்கள். ஆட்சிக் குழுவுக்குத் தலைவர் பிரதமர். துறைச் செயலாளர்கள் பதவி வழியில் உறுப்பினர்கள். தொழில் நிறுவனங்களிலிருந்து ஐந்து பேர் வரை நியமிக்கலாம். அறிவியல் வல்லுநர்கள் ஆறு பேர் வரை. சமூக அறிவியலுக்கும் மானுடவியலுக்கும் சேர்த்து ஒரே ஒருவர். நடவு நடுகிறவருக்கு, கரும்பு வெட்டுகிறவருக்கு, சாணி அள்ளுகிறவருக்கு ஒரு நாற்காலி என்று அந்தப் பட்டியலில் இல்லை. 1.96-உம் 1.57-உம் கணக்கில் வரலாம், கூட்டத்தில் வரக்கூடாது.

2025 ஜூலையில் அதற்கு மேல் ஒன்று. தனியார் நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்ய 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எரிசக்தியும் அதில் உண்டு. பணம் இந்த அறக்கட்டளை வழியாகத்தான் இறங்கும். எப்படித் தெரியுமா? குறைந்த வட்டியில், அல்லது வட்டியே இல்லாமல், நீண்ட காலக் கடனாக! எங்கள் கவுன்டரில் காதுத் தோட்டைக் கழற்றி வைத்து நகைக்கடன் கேட்டு நிற்கிற அக்காவிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, "சிட்டா இருக்கா, அடங்கல் இருக்கா?" என்பதுதான். இருந்தால் விவசாய நகைக்கடன், வட்டி குறைவு. இல்லையென்றால் சாதா நகைக்கடன், வட்டி கூட. அந்த அக்கா மூணு தலைமுறையாகக் கழனியில் நிற்பவர். ஆனால் காகிதத்தில் அவர் விவசாயி இல்லை. சிட்டாவை வைத்திருக்கிறவர் கழனியைக் கண்ணால் பார்த்தே பத்து வருசம் ஆகியிருக்கலாம். அவர் விவசாயி. இது எந்த ஒரு வங்கியின் குற்றமும் இல்லை. இந்த நாட்டில் விவசாயம் என்ற சொல்லுக்குப் பட்டா என்று பொருள், அவ்வளவுதான்.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்பார்கள். அது பட்டாதாரன் சொன்ன பழமொழி. நட்டவள் கணக்கைப் பழமொழிக்காகக்கூட எவனும் பார்த்ததில்லை.

எரிசக்தியும் வேளாண்மையும் அரசு கைபிடித்துச் சேர்ந்து நடந்த ஒவ்வொரு முறையும் நமக்கு என்ன கிடைத்தது என்று பார்த்துவிடலாம். இலவச மின்சாரம்: தமிழ்நாட்டில் 1990-இலிருந்து பம்புசெட்டுகளுக்குக் கட்டணமே இல்லை. நல்ல காரியம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் கிணறு வைத்திருந்தவனுக்கு ஐந்து குதிரைசக்தி வந்தது, அந்தக் கிணற்றை வெட்டியவனுடைய குடிசைக்கு ஒரு பல்பு வந்தது. ஒரே அரசு, ஒரே கம்பம், ஒரே கம்பி. அடுத்தது சாண எரிவாயு. 1939-லேயே தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் தேசாய் என்பவர் சாணத்திலிருந்து வாயு எடுத்துக் காட்டினார். 1981-இல் அதற்குத் தேசியத் திட்டமே வந்தது. நாலு மாடு வேண்டும், கலம் புதைக்க இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். நம்மிடம் என்ன இருந்தது? சாணி அள்ளும் கை இருந்தது. பண்ணைக்காரன் மாட்டுச் சாணியை அள்ளி வரட்டி தட்டிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கலம் வந்த பிறகு அந்த வரட்டியும் போனது.

காட்டாமணக்குக் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 2003-இல் திட்டக்குழு அமைத்த குழு, டீசலில் ஐந்தில் ஒரு பங்கைக் காட்டாமணக்கு எண்ணெயால் நிரப்பலாம் என்று அறிக்கை தந்தது. 1 கோடி 34 லட்சம் எக்டேர் நிலம் இதற்கு இருக்கிறது என்றது. எங்கே இருக்கிறது? 'தரிசு' நிலத்தில். வேளாண் பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள், எண்ணெய்க்காரர்கள் எல்லாரும் கைகோத்தார்கள். தமிழ்நாட்டிலும் நாற்று கொடுத்தார்கள், கடன் கொடுத்தார்கள். தண்ணீரே வேண்டாம், உரமே வேண்டாம், கல்லிலும் காய்க்கும் என்றார்கள். காய்க்கவில்லை. தண்ணீர் விட்டால்தான் காய்த்தது. 2010 வாக்கில் வந்த ஆய்வுகள், தமிழ்நாட்டில் நட்டவர்களில் பெரும்பாலோர் பிடுங்கிப் போட்டுவிட்டதைச் சொல்லின.

திட்டம் தோற்றது பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்தச் சொல்லைப் பற்றித்தான் எனக்குச் சண்டை. தரிசு. யாருக்குத் தரிசு? அங்கேதான் நம் சனங்கள் ஆடு மேய்த்தார்கள். அங்கேதான் வேலிக்கருவேலம் வெட்டி அடுப்பெரித்தார்கள், மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றார்கள். எரிசக்தி ஏற்கெனவே அங்கே விளைந்துகொண்டுதான் இருந்தது. விற்றவன் சேரிக்காரன் என்பதால் ஆராய்ச்சியாளர் கண்ணுக்கு அது எரிசக்தியாகத் தெரியவில்லை. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அள்ளி எழுதிவிட்டார்கள், எக்டேர் கணக்கில்.

தரிசு என்ற சொல்லுக்குச் செங்கல்பட்டில் இன்னொரு வரலாறும் உண்டு, மாணவத் தோழர்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டும். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் பிரிட்டிஷ் அரசு ஆணை போட்டது. அதன்படி தீண்டப்படாதவர்களுக்கு ஒதுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அன்றைக்கு அதுவும் 'தரிசு'தான். நம் கை பட்டு விளைநிலமானதும் அடுத்தவன் பெயருக்கு மாறியது. காரணையில் அதை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் நம்மிடம் வரும்போது தரிசு, நம்மிடமிருந்து போகும்போது சொத்து, திரும்பக் கேட்டால் துப்பாக்கி. 2019-இல் வந்த ஒன்றிய அரசின் சூரியசக்திப் பம்புத் திட்டத்தின் முதல் பிரிவைப் படித்துப் பாருங்கள். 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரிய மின் நிலையங்கள். எங்கே வைக்கலாம்? மறுபடியும் தரிசு நிலத்தில். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடி நிலத்தில் 100 ஏக்கருக்கு 9 ஏக்கர்கூடத் தலித்துகளிடம் இல்லை. வெயில் எல்லாருக்கும் பொது. வெயில் விழுகிற இடம் பொது இல்லை.

எத்தனால் கதை இன்னும் கேவலம். 2020 ஏப்ரல் 20-ஆம் தேதி. ஊரடங்கு. நெடுஞ்சாலையில் சனங்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டினியாக நடந்துகொண்டிருந்த நாட்கள். அன்றைக்குத்தான் தேசிய உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழு கூடி, இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருக்கும் 'உபரி' அரிசியை எத்தனாலாக்கலாம் என்று ஒப்புதல் தந்தது. கைகழுவும் திரவத்துக்கும், பெட்ரோலில் கலப்பதற்கும். 2018-ஆம் ஆண்டுக் கொள்கையில் அதற்கு இடம் இருக்கிறது என்றார்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்கை 2025-இல் தொட்டும்விட்டார்கள். 2024-25-க்கு 52 லட்சம் டன் அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கினார்கள், கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு. தரிசு என்ற சொல் நிலத்துக்கு என்ன செய்ததோ, உபரி என்ற சொல் சோற்றுக்கு அதைச் செய்கிறது. சாப்பிட ஆள் இருக்கும்போதே மிஞ்சிப்போகிற சோறு இந்த நாட்டில் மட்டும்தான் உண்டு.

இதெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாமா, பழையபடி கையால் நடவேண்டுமா?" என்று ஒருத்தர் எழுந்திருப்பார். இயற்கை விவசாயம் பேசுகிற சாதி இந்து நண்பர்களுக்கு நடவுப் பாட்டு என்றால் உயிர். உங்கள் வீட்டுப் பெண்களை ஒரு வாரம் சேற்றில் குனிய வைத்துப் பாடச் சொல்லுங்கள் பார்க்கலாம். முதுகொடிய நடுவது எங்கள் பண்பாடு இல்லை, எங்கள் மேல் சுமத்தப்பட்ட தண்டனை. காந்தி இயந்திரத்தை எதிர்த்தபோது, மனுசனுக்கு ஓய்வும் அறிவும் கிடைக்க இயந்திரம் வேண்டும் என்று வாதாடியவர் பாபாசாகேப். நமக்கு இயந்திரம் வேண்டும். நடவு இயந்திரம் வேண்டும், சூரியப் பம்பு வேண்டும், ஆராய்ச்சியும் வேண்டும். இயந்திரம் வந்த அன்றைக்கு 1.57-க்குக் கூலி போய்விடுமே, அவளுக்கு என்ன என்ற கேள்விக்கும் அதே ஆராய்ச்சியில் பதில் வேண்டும்.

எரிசக்தியையும் வேளாண்மையையும் சேர்த்து யோசிப்பது அவர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 1918-லேயே சிறு நிலவுடைமை பற்றிய கட்டுரையில் அம்பேத்கர், நிலத்தில் தேங்கிக் கிடக்கும் உழைப்பை வெளியே இழுக்காமல் விவசாயம் உருப்படாது என்று எழுதினார். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. மத்திய தொழில்நுட்ப மின்சார வாரியம் அப்போது வந்தது. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தை, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் எல்லாம் ஒன்றாக, அவர்தான் முன்னெடுத்தார். 1948-இல் அது சட்டமானது. ஆய்வுக்கூடமும் பரிசோதனைப் பண்ணையும் நடத்துகிற அதிகாரம் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அணை கட்டியதில் வீடிழந்தவர்கள் சந்தால்களும் தலித்துகளும் என்பது அதற்குப் பின்னால் வந்தவர்கள் செய்த காரியம். மின்சாரத்தை மலிவாகவும் ஏராளமாகவும் கேட்ட தலைவரைச் சட்டப் புத்தகத்தோடு மட்டும் சிலையாக்கிவிட்டு, அறிவியலை நமக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரமாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். நாமும் ஒத்துக்கொண்டுவிட்டோம். நம் பிள்ளைகள் சட்டம் படித்தால் கூட்டம் போட்டுப் பாராட்டுகிறோம். வேளாண் பொறியியல் படித்தால் வேலை கிடைத்ததா என்று மட்டும் கேட்கிறோம்.

அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே எரிசக்தித் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று 2023-இல் காங்கிரசில் ஒரு மசோதா வந்தது. அது இருக்கட்டும். அந்நாட்டு வேளாண் பல்கலைக்கழகங்கள் 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தில், செவ்விந்தியர்களிடம் பிடுங்கிய நிலத்தை விற்ற காசில் எழுந்தவை. கறுப்பர்களை உள்ளே விடாத மாநிலங்கள் அவர்களுக்குத் தனியாகக் கல்லூரி வைக்க வேண்டும் என்று 1890-இல் இரண்டாவது சட்டம் வந்தது. தனியாக வைத்தார்கள், பணத்தைத்தான் சரியாகத் தரவில்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித்துறையும் வேளாண் துறையும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதின: முப்பது ஆண்டுகளில் உங்கள் கறுப்பர் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்காமல் விட்ட தொகை மொத்தம் 1,200 கோடி டாலருக்கு மேல். கணக்குப் போட்டுக் காட்டினார்கள் பாருங்கள், அதுதான் விசயம். நம் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களும் அந்த அமெரிக்க மாதிரியில் வந்தவைதான், 1971-இல் வந்த கோயம்புத்தூர் உட்பட. மாதிரியை இறக்குமதி செய்தார்கள், இந்தக் கணக்கை இறக்குமதி செய்யவில்லை.

நம்மால் போட முடியாத கணக்கா? பட்டியல் சாதிகளுக்கான சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80-இல் தொடங்கியது. ஒவ்வொரு துறையும் நம் மக்கள்தொகை விகிதத்துக்கு நமக்குச் செலவழிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது 2011 கணக்கெடுப்பின்படி 20 சதவீதம். 2024-இல் தமிழ்நாடு அரசு இதற்குத் தனிச் சட்டமே போட்டுவிட்டது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம். வீடு, விடுதி, உதவித்தொகை என்றால் எல்லாரும் கேட்கிறோம். ஆராய்ச்சி என்று வந்தால் கேட்பதில்லை. ஆராய்ச்சி நிறுவனங்களில் நம் பெயரால் வரும் பணம் பெரும்பாலும் கைத்தெளிப்பான், விதைப் பை, கோழிக்குஞ்சு என்று 'பயனாளி'க்குப் போய்ச் சேருகிறது. மேடையில் வரிசையாக நிற்க வைத்து ஒரு போட்டோ. தெளிப்பான் நம் முதுகில், ஆய்வேடு அவர்கள் அலமாரியில்.

மேடவாக்கம் கூட்ரோட்டில் வேளச்சேரி பஸ் ஏறினால் பள்ளிக்கரணையில் தேசிய காற்று எரிசக்தி நிறுவனத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 1998-இல் வந்தது. காற்று எந்த ஊரில் எத்தனை மீட்டர் உயரத்தில் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று நாடு முழுக்க அளந்து வைத்திருக்கிறார்கள். காற்றை அளக்க முடிகிற நாட்டில் நிலமில்லாதவரின் எரிசக்தித் தேவையை அளக்க முடியாதா? பட்டா இல்லாத இருபது பெண்கள் சேர்ந்து ஒரு சூரியப் பம்பை வைத்துத் தண்ணீர் விற்றால் எப்படி இருக்கும், ஒரு நடவு இயந்திரம் கூலிக்காரர் சங்கத்துக்குச் சொந்தமாக இருந்தால் கூலி என்னாகும், புறம்போக்கில் கருவேலம் வெட்டிப் பிழைக்கிற குடும்பத்துக்கு அந்த நிலத்தில் மின்தகடு போட்டால் பங்கு எத்தனை? இவையும் ஆராய்ச்சிதான். மெகாஜூலில் கணக்குப் போடலாம், ஆய்வேடு எழுதலாம், முனைவர் பட்டம் வாங்கலாம்.

ஆகவே வேளாண் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் நூலகத்துக்குப் போய் வேளாண் எரிசக்தி ஆய்வேடுகளை எடுங்கள். எத்தனை மணி நேர மனித உழைப்பு என்று எழுதியிருப்பார்கள். அந்த மணி நேரங்கள் எந்தக் கிராமத்தில், எந்தத் தெருவிலிருந்து வந்தவை என்று அந்த ஊருக்கே போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி போடுங்கள். 2024-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேளாண் துறையும் எரிசக்தித் துறையும் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய தொகை எவ்வளவு? அதை எந்த ஆராய்ச்சிக்குச் செலவழித்தார்கள்? அந்த ஆராய்ச்சியை முடிவு செய்த குழுவில் நிலமில்லாத கூலிக்காரர் எத்தனை பேர்? பத்து ரூபாய்க் கட்டணம். கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டலாம், இல்லையென்றால் எங்கள் கிளைக்கு வாங்க, டிமாண்ட் டிராஃப்ட் எடுத்துத் தருகிறேன்.